துத்தநாக மாத்திரை: எவ்வளவு, எப்போது, எதுவரை

இந்த அத்தியாயத்தைப் படிக்கும் முன் வீட்டிலுள்ள துத்தநாகப் போத்தலை எடுத்து மேசைமேல் வையுங்கள். ஜொகூர் பாருவில் பல வீடுகளில் ஒன்றாவது இருக்கும். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. சிங்கப்பூருக்குச் செல்லும் கடற்பாலத்தில் பயணிகள் போக்குவரத்து நின்றது. ஒரே குடும்பத்தில் பாதிப்பேர் சிங்கப்பூரிலும் பாதிப்பேர் மாசாயிலும் ஸ்கூடாயிலுமாக மாதக்கணக்கில் பிரிந்து கிடந்தார்கள். அந்தக் கோவிட் பயத்தில் வைட்டமின் சி-யோடு சேர்த்து வாங்கியதுதான் இந்தப் போத்தல். பாலம் திறந்தது, வேலை பழையபடி தொடங்கியது, முகக்கவசம் போனது. மாத்திரை மட்டும் பலர் வீட்டில் நிற்கவில்லை. போத்தல் தீர்ந்ததும் இன்னொன்று வந்தது.

இன்றும் தினமும் சாப்பிடுகிறவர்களிடம் காரணம் கேட்டால், "எதிர்ப்புச் சக்திக்கு நல்லதுதானே" என்கிறார்கள். துத்தநாகம் உண்மையிலேயே நல்ல சத்து. அது இல்லாமல் காயம் ஆறாது, குழந்தை வளராது, நாக்கு ருசி அறியாது. ஆனால் அதன் மாத்திரையை ஒரு காரணத்துக்காக, ஒரு கணக்கோடு, ஒரு காலத்துக்குத்தான் சாப்பிட வேண்டும். தொடங்கும் நாளை எழுதும்போதே நிறுத்தும் நாளையும் எழுதிவிடுங்கள் என்று என்னைக் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லி வருகிறேன். ஏன் என்பதைத்தான் இந்த அத்தியாயம் முழுக்க விளக்கப் போகிறேன்.

உங்களுக்குத் தேவையா?

மனிதருக்குத் துத்தநாகக் குறைபாடு வரும் என்பதையே மருத்துவ உலகம் அறுபது ஆண்டுகளுக்கு முன்தான் ஏற்றுக்கொண்டது. அதைக் கண்டறிந்தவர் பீகாரின் பக்சரில் பிறந்த ஆனந்த பிரசாத். 1958இல் ஈரானின் ஷிராஸ் நகரில் பணியாற்றியபோது 21 வயது இளைஞர் ஒருவரை அவரிடம் கொண்டுவந்தார்கள். உருவத்தில் பத்து வயதுப் பையன்போல் இருந்தார். சாப்பாடு பெரும்பாலும் ரொட்டிதான். களிமண் தின்னும் பழக்கமும் இரத்தச்சோகையும் இருந்தன. இரத்தச்சோகை மட்டும் இந்த அளவுக்கு வளர்ச்சியை நிறுத்தாதே என்று பிரசாத் யோசித்தார். பின்னர் எகிப்தில் இதேபோன்ற இளைஞர்களை ஆராய்ந்து, காரணம் துத்தநாகக் குறைவு என்று 1963இல் நிறுவினார். அமெரிக்காவில் துத்தநாகத்துக்கென்று அன்றாட அளவு வகுக்கப்பட்டது 1974இல்தான்.

அந்த இளைஞர் தின்ற ரொட்டியிலும் துத்தநாகம் இருந்தது. தவிட்டிலுள்ள பைட்டேட் என்ற பொருள் அதைப் பிடித்துக்கொண்டு குடலில் உறிஞ்ச விடவில்லை. நம் சாப்பாட்டிலும் இதே சிக்கல் உண்டு. ஒரு நாளுக்கு ஆணுக்கு 11 மில்லிகிராம், பெண்ணுக்கு 8, கர்ப்பிணிக்கு 11, பாலூட்டும் தாய்க்கு 12 என்பது அமெரிக்கக் கணக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட கணக்கிலோ ஆணுக்கு 17, பெண்ணுக்கு 13.2. தானியமும் பருப்பும் முதன்மையான சாப்பாட்டில் உடல் எடுத்துக்கொள்ளும் பங்கு குறைவு, அதனால்தான் இந்த வித்தியாசம். இறைச்சியோடு சாப்பிடுபவரைவிடச் சுத்த சைவ உணவுக்காரருக்கு ஒன்றரை மடங்கு வரை கூடுதலாகத் தேவைப்படலாம் என்றும் சொல்வதுண்டு.

சைவ உணவுக்காரர், சரியாகச் சாப்பிடாத முதியவர், ஓயாத வயிற்றுப்போக்கோ குடல் நோயோ உள்ளவர், குடல் அறுவை செய்துகொண்டவர், அதிகம் மது குடிப்பவர், கர்ப்பிணி, பாலூட்டும் தாய் ஆகியோருக்குத் துத்தநாகம் குறைய வாய்ப்பு அதிகம். நம் பெரியவர்கள் பலர் இரத்த அழுத்தத்துக்காக விழுங்கும் 'நீர் மாத்திரை'யையும் இதில் சேர்க்க வேண்டும். ஹைட்ரோகுளோரோதியாசைட் போன்றவை சிறுநீர் வழியாகத் துத்தநாகத்தை வெளியேற்றும். முடி கொட்டுவது, ருசி மங்குவது, புண் ஆறாமல் இழுப்பது எல்லாம் குறைபாட்டின் அறிகுறிகளாக இருக்கலாம். ஆனால் தைராய்டு, சர்க்கரை, இரும்புக் குறைவு ஆகியவற்றிலும் இவையேதான் வரும். இரத்தத்தில் துத்தநாகம் பார்த்தாலும் தெளிவான பதில் கிடைக்காமல் போகலாம், காய்ச்சலோ தொற்றோ இருந்தால் அந்த அளவு தானாகவே இறங்கிக் காட்டும். ஆகவே முடி கொட்டுகிறது என்ற ஒரே காரணத்துக்காக நீங்களாகவே தொடங்காதீர்கள்.

கோவிட் காலத்து நம்பிக்கையையும் இங்கேயே பேசிவிடலாம். வீட்டிலிருந்து சிகிச்சை பெற்ற 214 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த சோதனையின் முடிவு 2021இல் வந்தது. நாளுக்கு 50 மில்லிகிராம் துத்தநாக குளுக்கோனேட்டும் பெரிய அளவில் வைட்டமின் சி-யும், தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் குறிப்பிடும்படியாக விரைவில் குணமாகவில்லை. சாதாரணச் சளிக்குச் சப்பும் துத்தநாக மிட்டாய்கள், சளி பிடித்த முதல் நாளே தொடங்கினால் சிலருக்கு அதன் நாட்களைக் குறைக்கக்கூடும். ஆதாரம் அவ்வளவு வலுவானதல்ல. சளி வராமல் தடுக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்றே இல்லை. மூக்கில் தெளிக்கும் துத்தநாக மருந்துகளைத் தொடவே தொடாதீர்கள். மோப்ப சக்தியே போய்விடலாம் என்று 2009இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

போத்தலில் எழுதியிருக்கும் எண்

இப்போது கையிலுள்ள போத்தலைத் திருப்பிப் படியுங்கள். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன.

துத்தநாகம் தனியாக மாத்திரையில் வராது. குளுக்கோனேட், சல்பேட், சிட்ரேட், பிக்கோலினேட், ஆக்சைடு என்று ஏதாவது ஓர் உப்பாகத்தான் வரும். உப்பின் எடை வேறு, அதற்குள் இருக்கும் துத்தநாகத்தின் எடை வேறு. குளுக்கோனேட்டில் ஏறத்தாழ 14 விழுக்காடுதான் துத்தநாகம். "துத்தநாக குளுக்கோனேட் 70 மில்லிகிராம்" என்றிருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 10. மருத்துவமனையில் தரும் சல்பேட் 220 மில்லிகிராமில் இருப்பது 50. இன்னொரு போத்தலில் "துத்தநாகம் 50 மில்லிகிராம், குளுக்கோனேட் வடிவில்" என்றிருக்கும். அதில் முழுதாக 50-ம் துத்தநாகமே. முதல் போத்தலில் இருப்பதைப்போல் ஐந்து மடங்கு! பெட்டியின் முன்பக்கத்தில் எண் சிறிதாகத் தெரிகிறதே என்று இதை எடுப்பவர்கள் உண்டு.

மலாய் லேபிளில் 'பெர்சாமாஆன் டெங்கான் சிங்க்' (bersamaan dengan zink) என்ற சொற்களைத் தேடுங்கள். "இத்தனை துத்தநாகத்துக்குச் சமம்" என்று பொருள். அதை அடுத்து வருவதுதான் உங்களுக்கு வேண்டிய எண். அது ஒரு மாத்திரைக்கா இரண்டுக்கா என்பதையும் பாருங்கள். எங்கும் தெளிவாக இல்லையென்றால் அந்தப் போத்தலை வாங்காதீர்கள்.

பிறகு கூட்டிப் பாருங்கள். பல்சத்து மாத்திரையில் கொஞ்சம், முதியோருக்கான சத்துப் பால்மாவில் கொஞ்சம், கண்ணுக்கென்று வாங்கிய மாத்திரையில் கொஞ்சம், முடிக்கென்று மகள் வாங்கித் தந்ததில் கொஞ்சம். நான்கையும் ஒரே ஆள் சாப்பிடுவதுண்டு. உணவும் மாத்திரையும் சேர்த்து, பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 40 மில்லிகிராம்தான் உச்சவரம்பு என்கிறது அமெரிக்கா. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 25 என்கிறது. மருத்துவர் சொல்லாமல் எடுப்பவர், மாத்திரையில் மட்டும் 10 முதல் 15 மில்லிகிராமோடு நின்றுகொள்வது நல்லது. இந்த நூலில் நான் சொல்லும் அளவு அதுதான்.

எந்த வேளை?

வெறும் வயிற்றில்தான் நன்றாக உறிஞ்சும் என்று எங்கும் எழுதியிருக்கும். அது உண்மையே. ஆனால் ஜொகூர் பாருக்காரர்களுக்கு அந்த அறிவுரையை அப்படியே தர எனக்கு மனம் வரவில்லை. விடிகாலை நான்கரைக்கு எழுந்து, ஒரு கோப்பை கோப்பி ஓ மட்டும் குடித்து, மோட்டாரில் கடற்பாலம் ஏறுகிறவர்கள் நாம். அந்த வயிற்றில் துத்தநாகம் விழுந்தால் அரை மணி நேரத்துக்குள் குமட்டும். நானே ஒருமுறை அப்படிப் போட்டுக்கொண்டு கிளம்பி, சுல்தான் இஸ்கந்தர் கட்டடத்தில் குடிநுழைவு வரிசையில் நின்றபோது தலை சுற்றி, வியர்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதே நிலை மோட்டாரில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எடுங்கள். உறிஞ்சும் அளவு சற்றுக் குறையும், ஆனால் குமட்டலுக்குப் பயந்து பாதியில் கைவிடாமல் தொடர்வீர்கள். அந்த வேளையில் சப்பாத்தியும் கடலைக் குழம்பும் வேண்டாம், பைட்டேட் மிகுந்த சாப்பாடு அது. சோறு, மீன், முட்டை, தயிர் என்று லேசாக இருக்கட்டும்.

மற்ற மாத்திரைகளோடு

இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகப் படியுங்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நாட்டின் மொத்தக் கணக்கே 18.3தான். நம் வீடுகளில் துத்தநாகம் தனியாக உள்ளே போவது அபூர்வம் என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். ஏற்கெனவே நான்கைந்து மாத்திரை சாப்பிடுகிற வயிற்றுக்குள்தான் அதுவும் போகிறது.

சிப்ரோஃபிளாக்சசின் வகை கிருமிக்கொல்லிகளும் டெட்ராசைக்ளின் வகையும் குடலில் துத்தநாகத்தோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது இரண்டும் வீண். கிருமிக்கொல்லியைத் துத்தநாகத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பாவது, நான்கு முதல் ஆறு மணி நேரம் பின்பாவது எடுங்கள். ஜொகூரில் வெள்ளம் வடிந்தபின் எலிக்காய்ச்சலுக்குத் தரும் டாக்சிசைக்ளினும் இந்தக் குடும்பம்தான். என்னைக் கேட்டால், அந்த ஒரு வாரத்துக்குத் துத்தநாகத்தையே நிறுத்திவிடுங்கள். எலிக்காய்ச்சல் உயிரைப் பறிக்கும். துத்தநாகம் ஒரு வாரம் தாமதமானால் நட்டம் இல்லை.

கர்ப்பிணிகளுக்கு அரசாங்கக் கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரையும் துத்தநாகமும் ஒரே வாசலில் முட்டிக்கொள்பவை. இரண்டு மணி நேர இடைவெளியாவது வேண்டும். தைராய்டு மாத்திரையிலிருந்து எந்த உலோகச் சத்தையும் நான்கு மணி நேரம் தள்ளி வையுங்கள். மூட்டுவாதத்துக்கோ வில்சன் நோய்க்கோ பெனிசில்லமின் எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் துத்தநாகம் தொடக் கூடாது.

மருந்தகத்தில் கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர் "அக்கா, வேற என்னென்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்று கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். அவர் கேட்கவில்லையென்றால் நீங்களே சொல்லுங்கள். மாத்திரைப் பெயர் நினைவில் இல்லையென்றால் அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

செம்பு

துத்தநாகம் அதிகமானால் என்ன ஆகும்? அன்றைக்கே வாந்தி, வயிற்றுவலி, வாயில் உலோகச் சுவை வரும். இவை தெரியும், நிறுத்தினால் போய்விடும். நான் அஞ்சுவது வெளியே தெரியாமல் மாதக்கணக்கில் நடக்கும் வேலையை.

துத்தநாகம் நிறையச் சேரும்போது குடலின் உள்ளணுக்கள் மெட்டலோதயோனின் என்ற புரதத்தைத் தமக்குள் உருவாக்குகின்றன. இந்தப் புரதம் துத்தநாகத்தைவிடச் செம்பைத்தான் இறுகப் பற்றும். சாப்பாட்டில் வந்த செம்பு அந்த அணுக்களுக்குள் சிறைப்படும். சில நாட்களில் அணுக்கள் உதிரும்போது செம்பும் மலத்தோடு போய்விடும். உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோய்க்குத் துத்தநாகம் மருந்தாவது இதே வழியில்தான். நோயாளிக்கு மருந்தாகும் செயல், செம்பு அளவாக இருப்பவருக்குக் கேடாகிறது.

செம்பு குறைந்தால் இரத்தச்சோகை வரும், வெள்ளையணுக்கள் குறையும். எதிர்ப்புச் சக்திக்கென்று சாப்பிட்ட பொருளே எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும். பிறகு முதுகுத்தண்டு நரம்புகள் பாதிக்கப்படும். பாதம் மரத்துப்போகும், நடை தள்ளாடும். நாளுக்கு 50 மில்லிகிராமும் அதற்கு மேலும் வாரக்கணக்கில் எடுப்பது செம்பு உறிஞ்சலைக் குறைக்கும் என்பது நிரூபணமான செய்தி. நல்ல கொழுப்பையும் அது இறக்கலாம். விழித்திரை நோய்க்காக 2001இல் முடிவு வந்த பெரிய அமெரிக்க ஆய்வில் நாளுக்கு 80 மில்லிகிராம் துத்தநாகம் கொடுத்தார்கள். கூடவே 2 மில்லிகிராம் செம்பும் சேர்த்தது இந்த அச்சத்தால்தான். பல்செட் ஒட்டும் பசையில் இருந்த துத்தநாகத்தாலேயே, அதை அளவுக்கு மீறிப் பல ஆண்டுகள் பூசியவர்கள் நரம்பு பாதிக்கப்பட்டு நடக்க முடியாமல் போன நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன.

நம் வீடுகளுக்கு இதில் தனியான ஆபத்து ஒன்று இருக்கிறது. அப்பாவுக்குக் கால் மரத்துப்போகிறது என்றால் "சர்க்கரைதான்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் எடுப்பதால் பி12 குறைந்தாலும் கால் மரக்கும். செம்புக் குறைவாலும் அதே மரப்பு வரும். மருத்துவருக்கு அவர் துத்தநாகம் சாப்பிடுவது தெரிந்தால்தான் செம்பையும் பார்க்கச் சொல்வார். மூன்று நான்கு ஆண்டுகளாக 50 மில்லிகிராம் சாப்பிடுகிற பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால் இந்த வாரமே நிறுத்தி, அந்தப் போத்தலோடு கிளினிக்குக் கூட்டிப் போங்கள். முழு இரத்த எண்ணிக்கையும் இரத்தச் செம்பு அளவும் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். இரத்தக் குறைவு பெரும்பாலும் சரியாகிவிடும், நரம்பு அப்படி முழுதாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

நாகம் என்ற பெயர்

தமிழ் வாசகருக்கு மட்டுமே தேவைப்படும் எச்சரிக்கை இது. சித்த மருத்துவத்தில் நாகம் என்றால் துத்தநாகம். நாக பற்பம் அதிலிருந்து செய்வது, மூலத்துக்குத் தருவார்கள். ஆயுர்வேதத்திலோ நாகம் என்றால் ஈயம்! அங்கே துத்தநாகத்துக்குப் பெயர் யசதம். ஊருக்குப் போய்வருபவர் கையில் "நாக பஸ்மம்" கொடுத்தனுப்பினால், அதைத் துத்தநாகச் சத்து என்று நினைத்து விழுங்குபவர் ஈயத்தை விழுங்குகிறார். பெயரை வைத்து எதையும் சாப்பிடாதீர்கள். சித்த மருந்து எடுப்பதானால் தகுதியுள்ள மருத்துவரிடம் போங்கள். பற்பத்தையும் மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிடுவதானால் இரு தரப்பு மருத்துவர்களுக்கும் அதைச் சொல்லுங்கள்.

வாங்கும்போது

மலேசியாவில் விற்கும் சத்து மாத்திரை தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பிடம் பதிவாகியிருக்க வேண்டும். பெட்டியில் எம்.ஏ.எல். என்ற மூன்று எழுத்து, எட்டு இலக்கம், பிறகு ஓர் எழுத்து இருக்கும். சத்து மாத்திரைக்கு என், பாரம்பரிய மருந்துக்கு டி. பக்கத்தில் பளபளக்கும் ஹாலோகிராம் வில்லை ஒட்டியிருக்கும். அந்த எண்ணை அமைப்பின் இணையத்தளத்தில் தட்டினால் பொருளின் பெயரும் உரிமையாளரும் வரும். பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

பாலத்தைக் கடந்தால் விதி வேறு. சிங்கப்பூரில் சத்து மாத்திரைகளுக்கு விற்பனைக்கு முந்திய அனுமதி தேவையில்லை. வேலை முடிந்து வரும்போது அங்கே வாங்கிய போத்தலில் எம்.ஏ.எல். எண் இருக்காது. அதனால் அது போலி என்று ஆகிவிடாது, ஆனால் அளவைச் சரிபார்க்கும் பொறுப்பு உங்களுடையது. இணையத்தில் வரும் 50 மில்லிகிராம் போத்தல்களுக்கும் இதையே சொல்வேன்.

சாப்பாட்டில்

சிப்பியில் இருப்பதுபோல் வேறெதிலும் இல்லை, 85 கிராமில் 30 மில்லிகிராமுக்கு மேல் கிடைக்கலாம். அதே அளவு நண்டில் 3, மாட்டிறைச்சியில் 4 அளவில் வரும். இவை எதையும் தொடாதவர்களுக்கு சீனப் பெருநாளில் கொறிக்கும் குவாச்சி இருக்கிறது. அதில் பூசணி விதை வகையை உப்பில்லாமல் ஒரு கைப்பிடி தின்றால் 2 மில்லிகிராம் கிடைக்கும். அரைக் கோப்பை வெந்த பருப்பில் ஒன்றேகால். ஊறவைப்பது, முளைகட்டுவது, புளிக்கவைப்பது மூன்றும் பைட்டேட்டைக் குறைக்கும். இரவெல்லாம் புளித்த இட்லி மாவு அந்த வேலையைத்தான் செய்கிறது. காலைச் சந்தையில் வாழையிலையில் மடித்து விற்கும் தெம்பேயும் அப்படியே. தைப்பூச விரதம் 48 நாள் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது முளைப்பயறும் தெம்பேயும்தான்.

குழந்தைக்கு

வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலோடு 10 முதல் 14 நாள் துத்தநாகம் தரும்படி உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004இல் சொன்னது பல நாடுகளில் உயிர் காத்திருக்கிறது. அப்போது சொன்ன அளவு நாளுக்கு 20 மில்லிகிராம், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 10. இந்தியாவிலும் தான்சானியாவிலும் நடந்து 2020இல் வந்த ஆய்வில், அதைவிடக் குறைந்த அளவும் அதே பலனைத் தந்தது, வாந்தியும் குறைந்தது. ஆகவே அளவை மருத்துவரே சொல்லட்டும். பெரியவர்களின் மாத்திரையை உடைத்துப் பாதி கொடுப்பது வேண்டவே வேண்டாம். இதிலும் கவனியுங்கள், 14 நாளோடு அது முடிகிறது.

மிட்டாய்போல் இனிக்கும் சத்து மாத்திரைகளைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கைநிறைய விழுங்கிவிட்டதாகத் தெரிந்தால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல், போத்தலையும் எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலுள்ள தேசிய நச்சு மையம் மருத்துவர்களுக்கும் பொதுமக்களுக்கும் தொலைபேசியில் ஆலோசனை தருகிறது. அதன் எண்ணை இன்றே தேடிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.

இனி மேசைமேல் இருக்கும் போத்தல். காலாவதித் தேதி தாண்டியிருந்தால் அல்லது ஏன் வாங்கினோம் என்பதே நினைவில்லையென்றால், அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது அரசாங்கக் கிளினிக்கின் மருந்தகக் கவுண்டரில் திருப்பித் தர முடியுமா என்று கேளுங்கள். மருத்துவர் சொல்லி எடுப்பதானால் அழியாத மையில் மூடிமேல் இரண்டு தேதிகளை எழுதுங்கள். இடப்பக்கம் தொடங்கிய நாள், வலப்பக்கம் நிறுத்தும் நாள்.